கட்டிலுக்கு அடியில், வீட்டுக்கு வெளியே

கம்போடியாவின் கெமர் மொழியில் நான் முதலில் கற்றது வணக்கம் சொல்வதை அல்ல. உள்ளே, மேலே, அடியில், அருகில், வெளியே. இவைதான் என் முதல் சொற்கள்.

என் மகள் சிங்கப்பூரில் உடன் வேலை பார்த்த கம்போடியாக்காரரை மணந்தவள். முதல் பிரசவத்துக்கு மயிலாப்பூர் வந்தாள். மருமகளைக் கவனித்துக்கொள்ள மாப்பிள்ளையின் தாயாரும் பட்டம்பாங்கிலிருந்து வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு விடுப்பு பிறகுதான். சம்பந்தியம்மாவுக்குத் தம் மொழி மட்டும்தான் தெரியும். மகளுக்கோ அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள். ஒரு சமையலறையில் இரண்டு அம்மாக்கள் புழங்க வேண்டுமானால், எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒருவராவது வேண்டும். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த எனக்கு அந்த வேலை விழுந்தது.

காலையில் லஸ் பக்கத்துப் பூங்காவில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாடத்தைத் திரும்பச் சொல்லியபடி நடப்பேன். உடன் நடக்கும் நண்பர் ஒருநாள் தடுத்து நிறுத்தினார்.

"இன்னா சார், காலங்காத்தால யார்கிட்ட சண்டை?"

"சம்பந்தி மொழி படிக்கறேன்."

"நம்ம சம்பந்தி தமிழ்லயே பேசறாரு, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க குடுத்து வெச்சவரு."

நாம் "மேசைமேல்" என்போம். அவர்கள் "லெ தொக்" என்கிறார்கள். "மேல்" முன்னால் வரும், மேசை பின்னால். செய்திக்குத் தலையில் ஊர்ப்பெயரைப் போட்டே பழகிய எனக்கு இது சிரமமாக இல்லை. முதலில் இடம், அப்புறம் விஷயம். ஒரு பொருளின் பெயர் தெரியாவிட்டால் கையால் காட்டிவிடலாம். "க்னொங்" என்று சொல்லி டப்பாவைக் காட்டினால் உள்ளே என்று புரிந்துவிடும்.

சம்பந்தியம்மா வந்தார். சிறிய உருவம், சத்தமில்லாத நடை. என் பாடம் வேலை செய்தது. மிளகு டப்பாவுக்குள், இஞ்சி கூடைக்குள், துடைப்பம் கதவுக்கு அருகில். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் இஞ்சியும் வேண்டும் என்பதில் இரு அம்மாக்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குழந்தை அடையாற்று மருத்துவமனையில் நல்லபடியாகப் பிறந்து வீட்டுக்கு வரும்வரை எல்லாம் சீராகவே போயிற்று.

வந்த மறுநாள், கீழே இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் மாடியேறி வந்தார்.

"சார், உங்க ஊட்டுக்கு ஒரு சீனா அம்மா வந்துகீதே, அது எங்கிட்ட கரி வாங்கினு போச்சு."

"சீனா இல்லப்பா, கம்போடியா."

"எதுவோ. துணி ஒண்ணும் குடுக்கல. கரி மட்டும். சிரிச்சிக்கினே எடுத்துக்குனு பூட்ச்சு. இன்னா மேட்டரு?"

மகளின் அறைக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் எங்கள் பழைய இரும்புச் சட்டி இருந்தது. அதில் கரி அழகாக அடுக்கப்பட்டிருந்தது, பற்றவைக்கவில்லை. சம்பந்தியம்மா கட்டிலைத் தொட்டு, குனிந்து சட்டியைக் காட்டி, எனக்காக நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "ப்லெங் க்ராம் க்ரே." நெருப்பு, அடியில், கட்டில். நான் படித்த பாடம் அப்படியே.

மனைவியிடம் சொன்னேன்.

"ஏன்னா, கட்டிலுக்கு அடியில நெருப்பா? அவா சொல்றது அதுதானா, இல்ல உங்க பாடம் இன்னும் அந்த அளவுக்கு வரலையா?"

"அதுதான்."

"நான் பெத்தது என்ன அப்பளமா, சுட்டு எடுக்கறதுக்கு?"

மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். "மூடின ரூம்ல கரியா? பச்சக் குழந்தைய வெச்சுண்டா? சான்ஸே இல்ல சார்" என்றார். மதிய இடைவேளையில் மாப்பிள்ளை பேசினார். பிள்ளை பெற்ற உடலிலிருந்து சூடு போய்விடும், அதைத் திரும்ப ஏற்றாவிட்டால் ஆயுள் முழுக்கக் குளிரும் வலியும் விடாது என்பது அவர் அம்மாவின் நம்பிக்கை. சம்பந்தியம்மாவுக்கு அவருடைய அம்மா இதைச் செய்தார். தம் பெண்களுக்கு இவர் செய்தார். மருமகளுக்குச் செய்யத்தான் விமானம் ஏறினார். முடியாதென்றால் தாம் இங்கே வெறும் விருந்தாளி, டிக்கெட்டை மாற்றிவிடு என்று மகனிடம் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"நீ என்ன சொல்றே?" என்று மகளைக் கேட்டேன்.

"எனக்கு வேணும்னு இல்லப்பா. ஆனா வேண்டாம்னு சொல்லி அவங்கள அனுப்பிட்டு, நான் அப்புறம் அந்த வீட்டுக்கு எப்படிப் போறது?"

மறுப்பைச் சொல்ல வேண்டியவன் நான். மரியாதையாக மறுப்பதற்கு ஒரு மொழியில் எவ்வளவோ தேவைப்படுகிறது: நீங்கள் சொல்வது சரிதான், ஆனால், தவறாக நினைக்காதீர்கள், மருத்துவர் இப்படிச் சொல்கிறார். என்னிடம் இருந்தவை இடங்கள் மட்டும். அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அறையைக் காட்டி "க்னொங்" என்று சொல்லிக் கையை ஆட்டி மறுத்தேன். தொட்டிலைக் காட்டி மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் முகம் இறுகியது. பால்கனிக் கதவைத் திறந்தேன். "க்ரௌ" என்றேன். வெளியே.

அவர் எழுந்து பால்கனியைப் பார்த்தார். நீளத்தையும் அகலத்தையும் கையால் அளந்தார். "க்ரே" என்று மட்டும் சொன்னார். கட்டில் அங்கே கொள்ளாது, சரியான ஆட்சேபம்தான்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த மனைவி கூடத்துக்குப் போய், பிரம்பு பின்னிய நாற்காலியை இழுத்து வந்து பால்கனியில் போட்டாள். "குழந்தை என்கிட்ட உள்ளயே இருக்கும். கதவு சாத்தியிருக்கும். இதுல உக்காரட்டும். சொல்லுங்கோ."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சம்பந்தியம்மா பிரம்புப் பின்னலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சூடு மேலே வரும் என்று தெரிந்துகொண்டார். சட்டியைக் கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

கரி கனன்று சாம்பல் பூத்ததும் மகள் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சென்னை வெயிலே போதாதா என்று அவள் நினைத்திருக்கலாம். நாற்காலிக்கும் சட்டிக்கும் இடையில் சம்பந்தியம்மாவின் உள்ளங்கை இருந்துகொண்டே இருந்தது. தம் கை பொறுக்காத சூடு மருமகளுக்கு ஏறக் கூடாது என்பது அவர் கணக்கு.

"போதும்கறதுக்கு அவா பாஷைல என்ன?" என்று என்னோடு உள்ளே நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்த மனைவி கேட்டாள்.

"பாடம் அங்க வரல."

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அவளே பால்கனிக்குப் போனாள். "மாமி, போதும். வேர்த்துக் கொட்டறது பாருங்கோ." சம்பந்தியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து மகளின் பாதத்தின்மேல் வைத்தார். பாதம் சூடாக இருந்திருக்கும். "ஆமாம், நன்னா இருக்கு" என்றாள் மனைவி, மகளிடமா அவரிடமா என்று சொல்ல முடியாத குரலில். சட்டி நகர்ந்தது.

மாலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். டிக்கெட்டைப் பற்றி அம்மா பேசவே இல்லையாம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் கரி வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னாராம்.