பதினோரு பேர் கேட்ட புத்தகம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். மதுரையில், வண்டியூர்ப் பக்கம் இரண்டே அறைகள் கொண்ட ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். அந்த மாதம்தான் என் முதல் புத்தகம் அச்சாகி, சைக்கிள் ரிக்‌ஷாவில் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. அதன் பிறகு ஒரு அறையில் நாங்கள் இருந்தோம், மற்றொரு அறையில் தமிழ் இலக்கியம் இருந்தது. நாற்காலி பற்றாத வீடு என்பதால், கட்டுகளின் மேல் போர்வையை விரித்து விருந்தாளிகளை உட்கார வைத்தோம். என் எழுத்துக்கு வாசகர்கள் அளித்த முதல் ஆதரவு அப்படித்தான் அமைந்தது.

நான் ஒரு மில் அலுவலகத்தில் குமாஸ்தா. வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் அனுப்புவேன். வெளியானதைவிடத் திரும்பி வந்தது அதிகம் என்பதால், என் எழுத்தின் எடை தபால்காரருக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் எட்டு வீடு மாறியிருந்தோம். அந்த அனுபவங்களை எல்லாம் எழுதி, 'வாடகை வீட்டு வைபவங்கள்' என்று பெயர் வைத்து, கைக்காசைப் போட்டு நானே அச்சடித்தேன்.

ஒரு பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகரத்தின் பெரிய புத்தகக் கடைகள் மூன்றுக்கும் போனேன். மூன்றிலும் ஒரே பதில்.

"கேட்டு வந்தா வாங்கி வைப்போம் சார். யாரும் கேக்கலியே."

யாரும் கேட்கவில்லை என்பதுதானே குறை? கேட்பதற்கு ஆள் இல்லாத குடும்பத்தில் நான் பெண் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே படையைத் திரட்டினேன். மச்சினன், ஆனையூரில் இருந்த என் தங்கை, அவள் வீட்டுக்காரர், கொட்டாம்பட்டியிலிருந்து மாமனார், ஒன்றுவிட்ட தம்பிகள், எண்ணிக்கைக்காக எங்கள் ஆபீஸ் பியூன். மொத்தம் பதினோரு பேர்.

வேலை எளிது. ஆளுக்கொரு நாள் கடைக்குள் போக வேண்டும். 'வாடகை வீட்டு வைபவங்கள்' வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். இல்லை என்றதும் முகம் வாட வேண்டும். வெளியே வந்துவிட வேண்டும். வீட்டில் ஒத்திகை பார்த்தோம். தங்கைக்குத்தான் முகம் வாடவே இல்லை.

"ஒரு புத்தகம் இல்லேன்னா எனக்கு எதுக்குண்ணே மூஞ்சி வாடணும்?"

"ரேஷன் கடையில சீனி இல்லேன்னா எப்படி வாடும்? அப்படி வாடு."

அதன் பிறகு பிரமாதமாக வாடினாள்.

என் மனைவி மட்டும் இதில் சேரவில்லை. "ஒரு பொருள் இருக்கான்னு கேட்டா வாங்கணும். வாங்காததுக்கு நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இலக்கிய வளர்ச்சியில் அக்கறையில்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாளில் மச்சினன் புகாரோடு வந்தான். "மச்சான், அந்தப் பெரிய கடையில நான் ஒரு ஆளாவே தெரியல. நிமிந்துகூடப் பாக்காம இல்லேங்குறாய்ங்க. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள்ள பாய் கடை இருக்கு. அங்க போனேன். ஸ்டூல் போட்டு ஒக்காரச் சொல்லி, பேரக் கேட்டு எழுதிக்கிட்டாரு. இனிமே எல்லாரும் அங்கயே போயிக் கேப்போம்."

அந்தக் கடையை எனக்குத் தெரியும். ஒரே ஒருவர் நடத்தும் கடை. முன்னால் பள்ளிக்கூட நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ். உள்ளே கதைப் புத்தகங்கள். நோட்டு விற்கிற இடத்தில் இலக்கியமா என்று நான் அங்கே போகவே இல்லை. இருந்தாலும் படையின் மனத்தை முறிக்க வேண்டாமென்று, "சரி, எங்கயாவது கேளுங்க" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாய் சைக்கிளில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும். ஒவ்வோர் அச்சகமாக விசாரித்து விலாசம் வாங்கியிருக்கிறார். புத்தகக் கட்டின் மேல் உட்காரவைத்தோம். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"சார், இருபது வருசமா எங்க அத்தா காலத்துலேருந்து கடை வச்சிருக்கோம். கடைக்கே வராத புத்தகத்தக் கேட்டு இம்புட்டுப் பேர் வந்ததில்ல. பதினோரு பேர் சார்."

வாசிக்க ஆரம்பித்தார். "ஆனையூர்லேருந்து ஒரு அம்மா, ரெண்டு பக்கமும் மூக்குத்தி. இல்லேன்னதும் அவங்க மொகத்தப் பாக்கணுமே, எனக்கே மனசு கேக்கல. அப்புறம் லேத்துப் பட்டறைக்காரத் தம்பி ஒருத்தர். அவர் சித்தப்பாவுக்கு ரொம்ப நாளா ஆஸ்துமாவாம். உங்க கட்டுரையப் படிச்சுச் சிரிச்சுச் சிரிச்சு நெஞ்சுச் சளியே கரஞ்சு போச்சுன்னாரு." மச்சினனுக்குச் சித்தப்பாவே கிடையாது. "கொட்டாம்பட்டியிலேருந்து ஒரு பெரியவர், மோட்டார் பெல்ட்டு வாங்க வந்தவரு. வீட்டுக்காரனக் காலி பண்ண வைக்கிற சட்டப் புத்தகமாமே, வந்துருச்சான்னு கேட்டாரு. நம்ம புத்தகம்தான்னு நானே புரிஞ்சுக்கிட்டேன்."

மனைவி அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். நானோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். அவர் வாசிக்க வாசிக்க, அவர்கள் அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள் என்பதே எனக்கு மறந்துபோனது. ஆனையூரில்கூட என்னைப் படிக்கிறார்கள் என்று உள்ளூரப் பூரித்தேன்.

விற்ற பிறகு பணம் தருவதுதான் கடைக்காரர்களின் வழக்கம். அவர் அறுபது பிரதிகளுக்குக் கையோடு பணம் கொடுத்தார். "ஸ்கூல் திறக்கப்போற நேரம் சார். முன்னாடி அலமாரியில நோட்டுதான் அடுக்குவேன். அதயெல்லாம் மேல பரண்ல ஏத்திட்டு உங்க புத்தகத்த வச்சிடறேன். கேட்டவங்க வரும்போது கண்ணுல படணும்ல?" சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, "வாரேன் சார், வாரேங்க்கா" என்று கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி கேட்டாள். "ஸ்கூல் திறக்க எம்புட்டு நாள் இருக்கு?"

"பத்துப் பன்னெண்டு நாள்."

"வருசத்துக்கு ஒருக்கா நாலு காசு பாக்குற எடத்துல அந்த மனுசன் ஒங்க புத்தகத்த வச்சிருக்காரு. போயிச் சொல்லிருங்க."

"சொன்னா என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?"

"சரியா நெனப்பாரு."

நான் போகவில்லை. பெரிய கடைக்காரர்களுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறது, தானாகவே விற்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று நாள் தள்ளினேன். நான்காம் நாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அந்தச் சந்து வழியாகப் போனேன். முன் அலமாரியில் அறுபதும் அப்படியே நின்றன. ஒரு பெண்மணி மகளோடு வந்து கிராஃப் நோட்டுக் கேட்டார். பாய் ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினார். தூசியைத் தட்டி, மூட்டையைப் பிரித்து, இறங்கி வருவதற்குள் அந்தப் பெண்மணி எதிர்க்கடைக்குப் போய்விட்டார். பாய் கையில் நோட்டோடு ஏணியடியில் நின்றார். பிறகு அலமாரிக்கு வந்து, சரிந்திருந்த என் புத்தகம் ஒன்றை நேராக நிமிர்த்தி வைத்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உள்ளே போய் முழுவதையும் சொன்னேன்.

அவர் நோட்டை எடுத்துப் பிரித்தார். "லேத்துப் பட்டறைத் தம்பி?"

"மச்சினன்."

"ரெண்டு மூக்குத்தி அம்மா?"

"என் தங்கச்சி."

"கொட்டாம்பட்டிப் பெரியவரு?"

"மாமனார்."

ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தார். "வெளி ஆளு ஒருத்தர்கூட இல்லையா சார்?"

"ஆபீஸ் பியூன் ஒருத்தர் இருக்கார். அவர் சொந்தமில்ல."

அவர் சிரிக்கவில்லை. என்னை உட்காரவும் சொல்லவில்லை. புத்தகங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் சார். காசு குடுத்து எடுத்த சரக்க நான் திருப்பினதில்ல" என்றார். நோட்டை மூடினார். "ஆனா வந்ததும் சொல்றேன்னு பதினோரு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அது உங்க ஏற்பாடா இருக்கலாம். நான் குடுத்தது நெசமான வாக்கு. புத்தகம் வந்துருச்சு, அவங்ககிட்டச் சொல்லிடுங்க. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் முன்னாடி இருக்கும். அதுக்கப்புறம் நோட்ட எறக்கணும்."

கோபமாகப் பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மறுநாளே ஆனையூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். கொட்டாம்பட்டிக்கு ஆள் போயிற்று. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதினோரு பேரும் எங்கள் வீட்டில். முதலில் முரண்டு பிடித்தது என் தங்கைதான்.

"என்ன மதினி இது? வீட்டுல கட்டுக் கட்டாக் கெடக்கு, நான் அதுமேலதான் ஒக்காந்திருக்கேன். கடையில போயிக் காசு குடுத்து வாங்கணுமாக்கும்?"

"கேட்டது கடையில. வாங்குறதும் கடையிலதான்" என்றாள் மனைவி. "நம்ம மொகத்தப் பாத்து ஒரு மனுசன் நம்பியிருக்காரு. நாளைக்கு அந்தச் சந்து வழியாத் தலய நிமித்திப் போகணுமா வேண்டாமா?"

யாரும் பதில் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் அது சம்மதத்துக்கு அடையாளம். பொதுவாக அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

சனிக்கிழமை காலை, எதிரிலிருந்த டீக்கடையில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். முதலில் தங்கை போனாள். ஒத்திகையில் சொன்ன அதே வார்த்தை. "வாடகை வீட்டு வைபவங்கள் வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா" என்றார் பாய். நோட்டில் ஒரு கோடு போட்டார்.

மச்சினன் பட்டறையிலிருந்து நான்கு பேரைக் கூட்டி வந்திருந்தான். தங்கை வீட்டுக்காரர் தெருக்காரர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து வாங்கினார். பியூன் தன் சம்பளத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் நின்ற எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். மாமனார் கடைசியில் வந்தார். பஞ்சாங்கம் தவிர அவர் வேறு புத்தகம் வாங்கியதில்லை. பின் அட்டையைப் பார்த்தார்.

"அம்புட்டு வெலையா? குறைச்சுக் குடுங்க பாய்."

"குறைக்க முடியாதுங்க. பெரிய எழுத்தாளரு."

"அப்பச் சரி" என்று ஆறு எடுத்தார். எதற்கு ஆறு என்று கேட்டதற்கு அவர் சொன்னது எதிர்ப்பக்கம் வரை கேட்டது. "ஊர்ல டீக்கடையில, ஓம் மாப்ள என்ன செய்றாருன்னு கேக்குறாய்ங்க. எழுதுறாருன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. இனிமே கையில குடுத்துப்புடலாம்ல?"

ஒரு சின்னச் சந்தில் இத்தனை பேர் நின்றால் வழியில் போகிறவர்கள் நிற்காமல் இருப்பார்களா? பிள்ளைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க வந்த ஒருவர், காத்திருந்த நேரத்தில் என் புத்தகத்தைப் புரட்டினார். நான்காம் பக்கத்தில் சிரித்தார். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும், மாடிப்படிக்கு அடியில் குளியலறை வைத்திருந்த வீடு. என்னைப் பார்க்காமல், எனக்காக இல்லாமல் ஒருவர் சிரித்து அன்றுதான் முதல் முறை பார்த்தேன்.

"யாருங்க எழுதுனது?" என்றார்.

"எங்க மாப்ள" என்றார் மாமனார். "அந்தா, அங்க நிக்கிறாருல்ல."

மொத்தச் சந்தும் திரும்பிப் பார்த்தது. நான் டீக் கிளாஸுக்குப் பின்னால் ஒளிய முயன்றேன். டீக் கிளாஸ் சிறியது. நான் அப்போதே கொஞ்சம் பருமன்.

வேடிக்கை பார்க்க நின்றவர்களும் ஆளுக்கொன்று வாங்க, மத்தியானம் ஏழு பிரதிகள் மிஞ்சின. பாய் அவற்றை உள்ளே கதைப் புத்தகங்களோடு வைத்துவிட்டு ஏணியை எடுத்தார். மச்சினன் பரணில் ஏற, பட்டறைக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி நோட்டுக்கட்டுகளை இறக்க, என் தங்கை அலமாரியில் அடுக்கினாள். அப்போதுதான் என் மனைவி வந்தாள். உள்ளேயிருந்த ஏழில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினாள்.

"வீட்ல தொள்ளாயிரத்துச் சொச்சம் கெடக்கே" என்றேன்.

"அது நீங்க அடிச்சது. இது நான் வாங்குனது."

பாய் அப்போதுதான் சிரித்தார். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் இலவசப் பிரதி போனதில்லை. சம்பந்தி கேட்டாலும் சரி, என் மேலதிகாரி கேட்டாலும் சரி, மனைவி கடைக்கு வழி சொல்லிவிடுவாள். அடுத்து வந்த நான்கு புத்தகங்களையும் அந்தக் கடை வாசலிலேயே வெளியிட்டோம். மூன்று நாற்காலி போட்டால் சந்து அடைபட்டுவிடும், கூட்டம் நிரம்பி வழிந்தது என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம். எண்பதுகளில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் வேறு கடையில் நோட்டு வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

என் எழுத்தைப் பற்றி நல்லதாகவும் நாலு வார்த்தை வந்திருக்கிறது, கத்தரித்து வைத்திருக்கிறேன். ஆனால் நான் சொல்லிக்கொடுத்த ஒரு பொய்யை, நான் கேட்காமலே உண்மையாக்கிவிட்டு, மே மாத வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்களே பதினோரு பேர், அவர்கள் என் ஆட்கள் என்று சொல்லிக்கொள்ளும்போது வருகிற பெருமை எதை எழுதியும் எனக்கு வந்ததில்லை.