குறட்டு வாயை நேராக்கினார்கள்

காலை பத்தே காலுக்கு மேனேஜர் ஒரு ட்ரேயை என் மேஜைமேல் வைத்தார். அந்த நிமிஷம்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ட்ரேயில் எங்கள் குறடுகள், வாயெல்லாம் பளபளவென்று.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். இத்தனை வருஷம் வாய் மூடாத பிளையர வெச்சுகிட்டு எப்படிம்மா வேலை செஞ்சீங்க?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது சர்ச்சுகளுக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்யும் பட்டறை. எண்பதுகளின் கடைசி. நான் கட்டிங் மேஜையில் இருந்தேன். பிளஸ் டூ முடித்த என் மகள் ஸ்டெல்லா, டைப்ரைட்டிங் பிடிக்காமல், அடுத்த மேஜையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மேனேஜர் லேத் கம்பெனியிலிருந்து புதிதாக வந்தவர்.

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டரால் கீறி உடைத்தால் நேர்க்கோடு கிடைக்கும். ஓர் இலையின் வளைவோ சம்மனசு என்கிற தேவதூதரின் சிறகோ வேண்டுமென்றால், மீதியைக் குறட்டால் ஓரமாகக் கொறித்துக் கொறித்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் குறட்டின் கீழ்த்தாடை லேசாக வளைந்திருக்கும். மூடினால் நுனி மட்டும் தொடும், நடுவில் வெளிச்சம் தெரியும். தெரிய வேண்டும். நுனி கடித்தால் கண்ணாடி நாம் சொன்ன இடத்தில் பொடியாக உதிரும். முழு வாயும் கவ்வினால் அதன் இஷ்டத்துக்கு வெடிக்கும்.

மேனேஜர் அந்த வெளிச்சத்தைத் தேய்மானம் என்று முடிவு கட்டிவிட்டார். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. சனிக்கிழமை நாங்கள் வீட்டுக்குப் போனபிறகு பக்கத்து ஷெட்டுக்கு அனுப்பி, எல்லா வாயையும் தட்டையாக அரைத்து வாங்கிவிட்டார்.

"சார், இதுல கொறிக்க முடியாது" என்றேன்.

"ஏன் முடியாது? கிரிப் டபுள் ஆயிருக்கு. புதுசா எது செஞ்சாலும் உங்களுக்குப் புடிக்காது."

"கிரிப்பே வேணாம் சார். வளைவு இருந்தாத்தான் வேலை நடக்கும்."

"பெருவிழாவுக்குள்ள ஜன்னல் போயாகணும். இங்க நின்னு எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

நான் குறட்டைத் தொடவில்லை. அவர் நேரே ஸ்டெல்லாவிடம் போனார்.

"அம்மா பயப்படுறாங்க. நீ செஞ்சு காட்டு."

"அம்மா சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

"இங்க மேனேஜர் அம்மாவா, நானா? புடி."

நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் அவள் ஒரு சிவப்புத் துண்டை எடுத்துவிட்டாள். இரண்டாவது கடியிலேயே கண்ணாடி வெடித்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். விரல் இடுக்கில் ரத்தம்.

அப்போது அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "காகிள்ஸ் போட்டிருக்கணும்ல? கேர்லெஸ்."

எந்த காகிள்ஸ்? பட்டறைக்கே இருந்தது ஒன்று. சாணைக்கல் பக்கம் தொங்கும், அதுவும் விரிசல் விட்டது. ஆளுக்கொன்று கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்றவர் இவர்தான்.

கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, எங்கள் பட்டறையில் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டையால் இணைக்கும் ரோசி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"யக்கா, அந்தாளு இன்னா சொல்லிகினு கீறான் தெரியுமா? உம் பொண்ணுக்கு புடிக்கத் தெரிலயாம். மொதலாளிக்கு போனப் போட்டு, அந்த மேஜைக்கு வேற ஆளுன்ட்டான்."

உள்ளே என் பெண்ணுக்குக் கண் தப்புமா என்று தெரியவில்லை. வெளியே அவளைக் குற்றவாளி ஆக்கியாகிவிட்டது.

டாக்டர் வெளியே வந்து, சில்லு கருவிழியை விட்டுத் தள்ளி இறங்கியிருக்கிறது, எடுத்தாகிவிட்டது, பார்வைக்குப் பயமில்லை என்றார். ஸ்டெல்லாவுக்கு இப்போது குழந்தை இருக்கிறது. இருந்தும் அவள் அந்தக் கண்ணைக் கசக்கினால் நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

நான் கற்றது ஒன்றுதான். கருவியில் குறை தெரிந்தால், அதைப் பிடித்து வேலை செய்கிறவரிடம் முதலில் கேளுங்கள். கேட்காமல் திருத்துகிறவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவர் திருத்திய கருவியைத் தொடாதீர்கள், உங்கள் பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.

மேனேஜர் வரவில்லை. முதலாளியும் வரவில்லை. சாயங்காலம் வந்தவர் பக்கத்து ஷெட் ஃபிட்டர். அதற்கு முன் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல் நின்றார்.

"பாப்பாக்கு கண்ணு எப்டிம்மா கீது?"

"பார்வைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நான்தாம்மா அரைச்சேன். உங்க மொதலாளி ஊட்டுக்கே போய் நடந்தத சொல்லிட்டுதான் வரேன். சனிக்கெழமயே உங்க மேனேஜராண்ட, எல்லாத்துலயும் ஒரே மாதிரி வளைவு கீதே, இத்த புடிக்கிறவங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வரட்டா சார்னேன். 'பொம்பளைங்கள என்னத்தக் கேக்குறது, நீ அரைய்யா'ன்னாரு."