கொழுந்து பறித்த கரடி

என் மகளுக்கு நான் சொன்ன கதைகளில் ராஜாவும் கிடையாது, மந்திரியும் கிடையாது. சிங்கத்தை நான் எங்கே கண்டேன்? பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கரடியும் குரங்கும்தான். அவையும் எங்களைப் போலவே வேலைக்குப் போகும். கரடி கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும். வேலை வாங்குகிற கங்காணி குரங்கு; அது மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அதட்டும். கங்காணிகள் மேல் எனக்கிருந்த கோபத்தையெல்லாம் அந்தக் குரங்கின் தலையில்தான் இறக்கிவைத்தேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது அது சேற்றில் விழும்.

கதை எப்படிப் போனாலும் முடிவு ஒன்றுதான். ஃபேக்டரிச் சங்கு ஊதும். கரடி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குட்டியைத் தேடி வீட்டுக்கு ஓடும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் சங்கு ஊதினால் அம்மா வருவாள், அவ்வளவுதான்.

தேயிலை விலை விழுந்த காலத்தில் ஃபேக்டரியையும் தோட்டத்தையும் பூட்டிவிட்டார்கள். நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனேன். தோட்டம் மறுபடி திறக்கும்போது தன் வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று என் வீட்டுக்காரர் மகளோடு தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருந்துகொண்டார். அவளுக்கு அப்போது நாலு வயது. என்னை மறந்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு. இடுப்பில் அவள் கனம் இல்லாமல் நடப்பதே என்னவோ போலிருந்தது. தெருவில் யார் பிள்ளை "அம்மா" என்றாலும் திரும்பிப் பார்த்தேன்.

வாரம் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், மில் வாசலில் இருந்த பூத்திலிருந்து எங்கள் தோட்டத்துக் கடைக்குப் போன் போடுவேன். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். நான் கரடிக் கதை சொல்வேன். பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஒரு நாள் வழக்கம்போல, "சங்கு ஊதுச்சா, கரடி வீட்டுக்குப் போயிருச்சா..." என்று முடித்தேன்.

"இல்லம்மா" என்றாள். "சங்கு ஊதவே இல்ல. கரடி இன்னும் மலையிலதான் நிக்குது."

"கதையில ஊதும் கண்ணு."

"பொய். இங்க ஊதுறதே இல்ல. குட்டி அழுவுது."

அவர் போனை வாங்கினார். "நீ போனதுலருந்து இதே கததான் புள்ள. சாயங்காலமானா வாசல்ல குந்திக்குது. சங்கு ஊதட்டும், அப்புறம் வர்றேங்குது. உள்ள கூப்ட்டா வர்றதில்ல."

அந்த முடிவைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே. சங்கில்லாமல் கரடியை வீட்டுக்கு அனுப்ப ஒரு வழி யோசித்துவைக்காமல் போனேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். "அவகிட்டக் குடுங்க" என்றேன். கதையை மாற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மில் சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, நான் உள்ளே போக வேண்டும்.

போனுக்குள் அவள் கத்தினாள். "அம்மா, சங்கு! எனக்குக் கேட்டுச்சு! கரடி கூடைய எறக்கிருச்சு!" அப்புறம் குரல் தள்ளிப் போனது. "அப்பா, வா வா, வாசலுக்குப் போவோம். அம்மா வந்துரும்."

நான் போனை வைத்துவிட்டு மில்லுக்குள் போனேன்.