கத்திரியில் ஒன்பது மஞ்சள் பட்டைகள்

எங்கள் குடியிருப்பின் தெருப்பக்கச் சுவர் முப்பத்தோரு அடி நீளம். டேப் பிடித்து இரண்டு முறை அளந்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் போகிறவர்கள் அதன் மேல் சைக்கிளைச் சாய்ப்பார்கள், போஸ்டர் ஒட்டுவார்கள். அதைத் தவிர யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜூன் முதல் வாரத்தில் என் மகள் அந்தச் சுவரைக் கேட்டாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நான் என்பதால் முறைப்படி மனுவே எழுதிக் கொடுத்தாள். அவளும், விடுதியில் தங்கிப் படிக்கும் வையம்பட்டித் தோழி ஒருத்தியும் முடிந்துபோன கோடையைச் சுவரில் வரையப் போகிறார்களாம். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் ஒரு நாளுக்கு ஒரு பட்டை. சூடு குறைந்த நாளுக்கு மஞ்சள். ஏற ஏற ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு.

"பூமி சூடாகுதுன்னு கூட்டம் போட்டுப் பேசினா யாருப்பா நிக்கிறாங்க? சுவத்துல இருந்தா பாத்துட்டுத்தான் போகணும்."

"ஒவ்வொரு நாள் சூட்டுக்கும் கணக்கு எங்க இருக்கு?"

"உங்க டைரி எதுக்கு இருக்கு?"

பதினோரு வருடமாக எழுதுகிறேன். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன பால்கனியில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருக்கிறேன். அன்றைய உச்ச வெப்பத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும் முன் அதைக் குறித்துவிடுவேன். காவிரியில் தண்ணீர் வந்த நாள், பால் பாக்கெட் வராத நாள் எல்லாம் அதே பக்கத்தில் இருக்கும். இதுவரை அந்த டைரியை யாரும் கேட்டதில்லை. அன்று நான் இரண்டாவது காபி குடித்தேன்.

தொண்ணூற்றிரண்டு நாள். பட்டைக்கு நான்கு அங்குலம் வைத்தால் முப்பது அடி எட்டு அங்குலம். சுவரில் நான்கு அங்குலம் மிஞ்சும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அது உங்களுக்கு, அங்கிள். கையெழுத்துப் போட்டுக்கங்க" என்றாள் வையம்பட்டிப் பெண்.

ஐந்து மாலைகளில் வேலை முடிந்தது. நான் நாளையும் அளவையும் படிப்பேன். ஒருத்தி நிறம் சொல்வாள், ஒருத்தி அடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வகுப்பு முழுக்க வந்து பார்ப்பதாக ஏற்பாடு. சுவரின் தலைப்பில், 'இதில் உள்ள ஒவ்வொரு நிறமும் அளந்து எழுதியது' என்று என் மகள் பெரிய எழுத்தில் எழுதினாள். அந்த வரியை நான் இரண்டு முறை கீழே போய்ப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மாலை, சுவரோரம் கூடை வைத்து உட்காரும் பூக்காரம்மா என் மகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, செவப்புக்கு நடுவுல மஞ்சளா ஒரு திட்டு நிக்குதே, அது எந்த நாளு?"

எண்ணிப் பார்த்தாள். ஒன்பது பட்டைகள். "மே மாசம், அக்கா. கத்திரி."

"கத்திரியா! அந்த வாரம் பன்னெண்டு மணிக்கெல்லாம் என் மல்லி வதங்கி, பாதிப் பூவ கொட்டிட்டுப் போனேன். நீங்க என்னடான்னா ஊட்டி மாதிரி மஞ்ச அடிச்சு வச்சிருக்கீங்க!"

என் மகள் மாடியேறி வந்தாள். "அப்பா, பூக்காரக்கா சரியா, நீங்க சரியா?"

"டைரி சரி" என்றேன். எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை. அந்த ஒன்பது நாள் பக்கங்களை எடுத்தேன். முதல் நாளில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'கீழ் வீட்டார் ஊருக்குப் போனார்கள். பாலை நிறுத்தச் சொன்னார்கள்.' பத்தாவது நாள்: 'கீழ் வீட்டார் வந்துவிட்டார்கள். மாம்பழம் ஆறு கொடுத்தார்கள்.'

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். என் தெர்மாமீட்டருக்கு நேர் கீழே, இரண்டு அடி தள்ளி, கீழ் வீட்டு ஏ.சி.யின் வெளிப்பெட்டி மேல்நோக்கி அனலை ஊதிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுக் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை. இரவு முழுக்க விழித்துப் பகலில் தூங்குவார். அந்தப் பெட்டி மாட்டிய நாளும் மூன்று வருடத்துக்கு முந்தைய டைரியில் இருக்கிறது: 'ஏ.சி. பொருத்தினார்கள். ட்ரில் சத்தம், ஒன்றரை மணி நேரம்.' சத்தத்தைக் குறித்தவன் சூட்டை யோசிக்கவில்லை. பெட்டி ஓடாத அந்த ஒன்பது நாளில்தான் தெர்மாமீட்டர் ஊரின் சூட்டை மட்டும் காட்டியிருக்கிறது; மற்ற நாள்களில் பெட்டியின் அனலும் சேர்ந்து ஏறியிருக்கிறது.

மூன்று வருடமாக நான் ஊரின் வெப்பம் என்று எழுதியதெல்லாம் ஒருவருடைய பகல் தூக்கம்.

மறைத்திருக்கலாம். ஒன்பது பட்டைகளைச் சிவப்பாக்கினால் யாருக்கும் தெரியாது. பின்னாலேயே மாடியேறி வந்திருந்த வையம்பட்டிப் பெண் அதைத்தான் முதலில் கேட்டாள். "சிவப்பு டின்னுல கொஞ்சம் இருக்குடி."

"எந்தச் சிவப்பு? எவ்வளவு சிவப்பு? தெரியாததை அடிச்சிட்டு மேல அந்த வரியை எப்படி வச்சுக்கிறது?" என்றாள் என் மகள். கண் கலங்கியிருந்தது. ஞாயிறு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதுதான் அவள் கவலை. என் பதினோரு வருடத்தில் மூன்று போன கவலை எனக்கு.

"நான் சொல்றேன். தப்பு என்னோட டைரியில. மூணு மாசமும் சேத்துத்தான் தப்பு" என்றேன்.

அவள் பால்கனியிலிருந்து குனிந்து பெட்டியைப் பார்த்தாள். பிறகு திடீரென்று சிரித்தாள். "அப்பா, இது இன்னும் நல்லா இருக்கு! ஒரு வீட்டைக் குளுமையாக்க இன்னொரு வீட்டுச் சூட்டை ஏத்துறோம். நாம சொல்ல வந்ததே இதுதானே? சுவரே சொல்லிருச்சு."

ஒன்பது மஞ்சள் பட்டைகளின் மேல் பூட்டுத் தொங்கும் ஒரு ஏ.சி. பெட்டியை வரைந்து, நடந்ததைக் கீழே எழுதுவது என்று முடிவானது. அதற்குக் கீழ் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். மூவரும் போய்க் கதவைத் தட்டினோம்.

"என் ஏ.சி.யைத் தெருவுல நிறுத்தப் போறீங்களா?" முகம் இறுகிவிட்டது. நான் டைரியை நீட்டினேன். இரண்டு வரியையும் படித்தார். "மாம்பழம் ஆறுன்னுகூட எழுதிருக்கீங்களா சார்?" என்று சிரித்துவிட்டார். "நான் ஊருக்குப் போனா உங்க வீடு குளுருதுன்னா ஒண்ணு பண்ணுங்க, டிக்கெட் எடுத்துக் குடுங்க, மாசாமாசம் போயிட்டு வரேன். ஆமா, உங்க வீட்டு ஏ.சி. பெட்டி எங்க இருக்கு?"

எங்களுடையது மேல் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. அதையும் வரையச் சொன்னேன். சங்கத்துச் செயலாளரின் பெட்டி என்று குறிப்பு வேண்டும் என்றார் கீழ் வீட்டுக்காரர். எழுதினார்கள்.

சனிக்கிழமை, தலைப்பு வரியில் 'அளந்து' என்பதற்கு முன்னால் 'தப்பான இடத்தில் மாட்டிய தெர்மாமீட்டரில்' என்று சேர்த்தாள் என் மகள். தெர்மாமீட்டரை வடக்குப் பக்கம், எந்தப் பெட்டியின் காற்றும் படாத நிழலுக்கு மாற்றினேன். ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். கருஞ்சிவப்பு முன்னால் நின்றவர்களைவிட இரண்டு பெட்டிகள் முன்னால் நின்றவர்கள்தான் அதிகம். கீழ் வீட்டுக்காரர் தூங்காமல் வந்து, தன் பெட்டியின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை புது இடத்தில் முதல் அளவு எடுத்தேன். மஞ்சளுக்கு உரிய எண். மிஞ்சியிருந்த நான்கு அங்குலத்தில் என் மகள் அந்தப் பட்டையை அடித்தாள்.

"சரியா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

பூக்காரம்மா கூடையை விலக்கி எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் செவப்பு வேணும்."

பட்டையை மாற்றவில்லை. அவர் சொன்னதை, அளவுக்குப் பக்கத்தில், அன்றைய டைரியில் எழுதிவைத்தேன்.