கண் திறக்காத சீதை

மலேசியாவில், எங்கள் பகாவ் ஊர்க் கோயிலில் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு பூசி, சீதா கல்யாணம் வரைந்திருக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு மணந்தாலே எனக்கு அக்காமேல் எரிச்சல் வரும்.

வெள்ளைக்காரன் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட மலாயா அவசரகாலத்தில் எனக்கு எட்டு வயது. எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த கோவிந்தன் மாமா, மத்தியானங்களில் மாரியம்மன் கோயில் சுவரில் இதே கல்யாணத்தை வரைந்தார். துணிக்குப் போடும் நீலத்தில் ராமர். சீதைக்கு அக்காவின் முகம். அம்மா அவளுக்கு மட்டும் பவுடர் பூசி எதிரில் உட்காரவைத்தாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"சின்னவளே, தள்ளி நில்லு லா. வெளிச்சத்த மறைக்கிற" என்றார் மாமா.

கண்களை மட்டும் கடைசி நாளில்தான் வரைவார்கள். அதற்குக் கண் திறப்பது என்று பெயர். அந்த நாள் வருவதற்குள், காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாதென்று, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. கோயில் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. அங்கே யாரும் போகக்கூடாது என்று உத்தரவு. சீதைக்குக் கண் வரவேயில்லை. அக்கா அழுதாள். எனக்கு அன்றைக்கு ரேஷன் அரிசிச் சோறுகூட இனித்தது.

இப்போது அக்காவுக்குப் பார்வை போய்விட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு பகாவ் கோயிலின் புதுச் சுவர்முன் நின்றாள்.

"சீதைக்குக் கண்ணு தொறந்துட்டாங்களாடி?"

சுவரிலிருந்து இரண்டு பெரிய கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.