கராஜுக்குள் நின்று கதைத்த தம்பி

போன வருடம் ஜூலை மாதம், ஒக்லாந்தில் நல்ல குளிர்காலம். லின்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் தம்பி மூன்று கிழமை நிற்க வந்திருந்தான். தம்பி என்றாலும், அவனை நான் கண்டு முப்பது வருடத்துக்கு மேல். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு எல்லோரும் ஓடிய நேரம், சனநெரிசலில் என் கையை விட்டுப் போனவன். அப்போது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதின்மூன்று. ஒரு சிங்களக் குடும்பம் அவனை எடுத்து வளர்த்திருக்கிறது. தேடித் தேடி, அதற்கு முந்தின வருடம்தான் கண்டுபிடித்தோம்.

அவனுக்குத் தமிழ் மறந்துவிட்டது. எனக்குச் சிங்களம் தெரியும். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் பல வருடம் வேலை செய்தவன் நான். ஆனால் வேண்டுமென்றே ஒரு சொல்கூடச் சிங்களம் பேசவில்லை. தமிழிலேயே கதைத்தால் பழைய தம்பி வந்துவிடுவான் என்று நினைத்தேன். காலையில் கோயிலுக்குக் கூட்டிப் போவேன், பின்னேரம் கொப்பியில் தமிழ் எழுத்து எழுத வைப்பேன்.

"வந்தது உங்கட தம்பியோ, பள்ளிக்கூடப் பிள்ளையோ?" என்று மனைவி கேட்டாள்.

அவன் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினான். தன்னை வளர்த்த அம்மாவோடு போனில் கதைக்க மட்டும் கார் நிற்கும் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். எனக்கு அது பிடிக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஒன்பதாம் நாள், டிக்கெட்டை மாற்றி முந்தியே போக முடியுமா என்று மனைவியிடம் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதனால் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போவேன். பின்வரிசையில் கடைசி வாங்கில் இருப்பேன், வாய் திறக்க மாட்டேன். அன்று ஆசிரியை பழைய அமெரிக்கக் கதை ஒன்று வாசித்தார். டெக்சஸ் பக்கம் கோமாஞ்சி, கயோவா என்ற பழங்குடிகள், குடியேறிய வெள்ளைக்காரரின் பண்ணைகளைத் தாக்கிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். சிலரைக் கொன்றார்கள், சிலரைத் தங்கள் பிள்ளையாகவே வளர்த்தார்கள். அந்தப் பழங்குடிகளும் நிலத்தையும் பிள்ளைகளையும் இழந்தவர்கள்தான் என்றார்.

அப்படிப் பிடிபட்ட ஒரு பையனைப் பல வருடம் கழித்துப் பட்டாளம் மீட்டு வந்தது. அவனுக்குத் தாய்மொழி மறந்திருந்தது. பெற்ற தாய் அவன் முடியை வெட்டி, உடுப்பை எரித்து, அங்கே வைத்த பெயரைச் சொல்லாதே என்றாள். அவன் வீட்டுக்குள் படுக்காமல் வெளியே மண்ணில் படுத்தான். ஒருநாள் வளர்த்தவர்களிடமே ஓடிவிட்டான்.

"ஏன் ஓடினான்?" என்று ஆசிரியை கேட்டார். "நன்றி கெட்டவன்" என்றார் வகுப்பில் ஒருவர்.

எப்படி எழும்பினேனோ தெரியாது. "இல்லை டீச்சர். வளர்த்த அம்மாவைப் பற்றி ஒருத்தரும் அவனிட்டக் கேட்கேல்லை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

வீட்டுக்கு வந்து நேரே கராஜ் கதவைத் திறந்தேன். தம்பி குளிரில் போனோடு நின்றான். என்னைக் கண்டதும் அதை மறைத்தான். "வைக்காதை, கதை" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவன் வாயைப் பிளந்தான். "அண்ணா, உங்களுக்குச் சிங்களம் தெரியுமா?"

"ஓம்."

"அப்ப பத்து நாளா ஏன் என்னைத் தமிழால கொன்றீங்கள்?" என்று சிங்களத்தில் கத்தினான். சிரித்தான். கண் கலங்கியிருந்தது.

போனை வாங்கினேன். அந்த அம்மாவின் முதல் கேள்வி, "மகன், அவனைத் திருப்பி அனுப்புவீங்களா?"

"அனுப்புவன் அம்மா. அடுத்த முறை நீங்களும் வாங்கோ."

பிறகு, "குளிருக்குள்ள அவனை நிக்க விடாதேங்கோ, இருமல் வரும்" என்றார்.

உள்ளே கூட்டி வந்தேன். அவன் டிக்கெட்டை மாற்றவில்லை. மிச்ச நாட்களில் சமையல் நடக்கும் குசினி மேசையில் இருந்தே அம்மாவோடு கதைத்தான்; கறி, மீன், உப்பு என்று தமிழ்ச் சொற்களைத் தானாகவே கேட்டுப் பழகினான்.

முப்பது வருடம் தம்பியைத் தேடிய எனக்கு, அவ்வளவு காலமும் அவனைப் பத்திரமாக வளர்த்தவரோடு ஒரு வார்த்தை கதைக்கப் பத்து நாள் பிடித்ததை நினைத்தால் இன்றும் வெட்கம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா போனில் "மகன்" என்று கூப்பிடும்போது, தொலைந்தது ஒன்று, கிடைத்தது இரண்டு என்று மனது நிறைகிறது.