முதலிடத்தில் வந்த சொட்டுக் குழாய்

“நேத்து எத்தனை போன் வந்துச்சுக்கா?” பெருமையை மறைத்துக்கொண்டு கேட்டேன்.

“அறுபத்திரண்டு.”

“பாத்தீங்களா?”

“அறுபது பேருக்குக் குளியலறைக் குழாய் சொட்டுது. ஒருத்தருக்கு வாஷ்பேசின். இன்னொண்ணு ராங் நம்பர். அவர்தான் கொஞ்சம் மரியாதையாப் பேசினாரு.”

“எப்படியோ நம்ம பேரு தெரியுதில்லக்கா.”

“நாம பண்றது பாய்லருக்குப் போற வால்வும்மா. ஒண்ணைத் தூக்க நாலு ஆள் வேணும். நீ பாத்திருக்கியா?”

“போட்டோல பாத்திருக்கேன்.”

அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இணையத்தில் தேடுபவர்களின் கண்ணில் அந்த வால்வுப் பட்டறையை முதலில் படவைப்பது என் வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவளுக்கு ஏற்றது என்று சேர்ந்தேன். ‘குழாய் சொட்டுவதை நிறுத்த ஏழு வழிகள்’ என்று பட்டறையின் இணையதளத்தில் தமிழ், ஆங்கிலம் என இரண்டு மொழியிலும் எழுதி, அடியில் போன் எண்ணைப் போட்டேன். இரண்டு மொழியிலும் முதலிடம். இரண்டு மொழியிலும் தொந்தரவு.

ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் நடுவே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பத்தொன்பது வருடமாக அக்காதான் போன் எடுக்கிறார். ஆவி கசியும் சத்தத்தைப் போனிலேயே கேட்டு எந்த வால்வு என்று சொல்லிவிடுவார். சொட்டுக் குழாய்க்காரர்களையும் விரட்ட மனம் வராமல், “முதல்ல மெயினை மூடுங்கண்ணே” என்று பொறுமையாக ஆரம்பிப்பார். அந்த நேரத்தில், எங்கள் வால்வு வாங்கும் காகித ஆலைக்காரருக்கு லைன் கிடைக்காது.

ஆலைக்காரரின் புகார் முதலாளி காதுக்குப் போனது. அடுத்த மாதம் முதல் போனில் பதிவுசெய்த குரல் பேசும், அக்கா வரவேண்டாம் என்றார். இணையதளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில் கோடு ஏறியதற்காக அவர் எனக்குக் கைகொடுத்ததும் அதே வாரம்தான்.

குற்ற உணர்வோடு அக்காவிடம் போய் நின்றேன். ஆலைக்காரர்கள் வால்வின் உடம்பில் பொறித்த எண்ணைப் பார்த்துத்தான் தேடுவார்கள் என்று சொல்லி, தன் நோட்டில் இருந்த எண்களைப் படித்துக் காட்டினார். ஏழு வழிகளையும் தூக்கிவிட்டு எண்ணுக்கொரு பக்கம் போட்டேன். நாளுக்கு நாலாயிரம் பேர் வந்த இடத்தில் தொண்ணூறு பேர் வந்தார்கள். போன் ஆறு, ஆறும் ஆலைகள். என் கோடு மட்டும் மாடியிலிருந்து விழுந்தவன் மாதிரி கிடந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் அறை வாசலில் அக்கா என்னை நிறுத்தினார்.

“கோடு எறங்கினது நல்லதுக்குத்தான்னு நீயே சொல்லும்மா. நான் சொன்னா, என் நாற்காலிக்காகச் சொல்றேன்னு நினைப்பாரு. கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”